பாதையை விட்டு விலகியதால்

வியாழக்கிழமை காலை ஐந்து பத்துக்கு மதுராந்தகம் ஏரிக்கரையில் என் மகளின் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். நீல நிறம், முன்னால் கூடை, பெண்கள் ஓட்டும்படி தாழ்ந்த கம்பி. மகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் சும்மா நின்றது. அதைக் கோவளத்தில் இருக்கும் என் தங்கை ஸ்டெல்லாவிடம் சேர்க்க வேண்டும். லாரியில் போட்டுவிடலாம் என்றார்கள். கைப்பிடி கோணாமல் போய்ச் சேரும் என்று எவரும் உறுதி சொல்லவில்லை. ஓட்டிக்கொண்டே போவதென்று முடிவு செய்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, வலது முட்டி சரியில்லை. ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று டைரியில் முதல் வரியாக எழுதிக்கொண்டேன்.

ஸ்டெல்லாவின் சொந்த சைக்கிள் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் கோவளத்துக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர் தள்ளி, கடற்கரை ஓட்டல் ஒன்றில் காலைப் பலகாரம் செய்பவள். ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்து இல்லை. ஓட்டல் வேன் ஏழு மணிக்குத்தான் வரும். அவள் கணவர் சேவியர் மூன்று மணிக்கே படகில் கடலுக்குப் போய்விடுவார். ஆகவே சைக்கிள். ஈ.சி.ஆர். எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவள் போகும் பகுதியில், இடது ஓரமாகப் பச்சை அடித்து, வெள்ளைக் கோடு போட்டு, சைக்கிள் படமும் வரைந்து மிதிவண்டிப் பாதை விட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில் ஒரு நாள் விடியற்காலை போலீஸ் ரோந்து வண்டி நின்றிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போக அவள் சாலைக்குள் இறங்கினாள். பின்னால் வந்த வேனின் கண்ணாடி முழங்கையில் அடித்தது. எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்துபோனது. வேன்காரர் நல்லவர், அவரே தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

வரும் திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வோம் என்று ஓட்டலில் சொல்லிவிட்டார்கள். நான் கொண்டுபோகும் சைக்கிளில்தான் அவள் அந்தத் திங்கட்கிழமை போக வேண்டும், அதே சாலையில், அதே நேரத்தில். முதல் மிதியிலிருந்தே எனக்கு இது உறுத்திக்கொண்டிருந்தது.

செங்கல்பட்டு போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் மிதிவண்டிப் பாதை என்ற பேச்சே கிடையாது. அதனால் ஏமாற்றமும் கிடையாது. லாரிக்காரர் நம்மை மதிக்கமாட்டார் என்று தெரிந்தே ஓட்டுகிறோம். பாலாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று. ஆற்றில் தண்ணீரைவிட மணலும் நாணலும்தான் அதிகம். ஏரியின் நீர்மட்டத்தைத் தினமும் பதிவேட்டில் ஏற்றுவது என் உத்தியோகம் என்பதால் கண் தானாகப் போகிறது. பாலத்தின் நடுவில் செயின் கழன்றது. கையெல்லாம் கறுப்பு மையோடு நான் குனிந்திருந்தபோது, டிராக்டரில் வைக்கோல் ஏற்றிப் போன ஒருவர் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னா அண்ணாத்த, பொண்ணு சைக்கிள சுட்டுக்கினு வந்துட்டியா?"

"என் பொண்ணு சைக்கிள்தான்பா."

"அப்ப அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கு நடந்தா போவுது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

எட்டு ஐம்பதுக்குச் செங்கல்பட்டு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இட்லியும் வடகறியும். மதுராந்தகத்தில் வடகறி என்று கொடுப்பதில் வடையைத் தேட வேண்டும்; இங்கே வடைதான் அதிகம், நல்ல காரம். மனைவியின் சித்தப்பா மகன் வீட்டில் இரவு தங்கினேன். என் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி அவர் சொன்னார்: "கார்ல போறவனுக்கே உசுரு உத்தரவாதம் இல்ல. நீங்க சைக்கிள் குடுக்கப் போறீங்க."

வெள்ளிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழி. இந்தச் சாலை எனக்குப் பிடித்தது. இரண்டு பக்கமும் வயல், புளியமரம், குன்று நெருங்க நெருங்கக் கோயில் தெரிகிறது. ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் பின்சக்கரம் பஞ்சர். தள்ளிக்கொண்டே போய்க் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் என்னைவிடப் பெரியவர். முள்ளை எடுத்துக் காட்டி, ஒட்டு போட்டு, பிறகு பெல்லை அமுக்கிப் பார்த்தார். அது கரகரவென்று ஒரு சத்தம் போட்டு நின்றது.

"இத ஓட்டப்போறது யாரு?"

"என் தங்கச்சி. ஈ.சி.ஆர்.ல."

அவர் உள்ளே போய், ஒரு தகர டப்பாவைக் கிளறி, பழைய காலத்துப் பெரிய பித்தளை பெல் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினார். எதிர்க்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிரேக்கு பிடிக்கலன்னா கால ஊனிக்கலாம் சார். பெல்லு இல்லன்னா இன்னாத்த ஊனுவ?" என்றார் கடைக்காரர். பஞ்சருக்கு மட்டும்தான் காசு வாங்கிக்கொண்டார்.

மாமல்லபுரத்தை மாலை நான்கு மணிக்கு அடைந்தேன். ஊருக்குள் சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றும் வெளிநாட்டவர் நிறைய. பொரித்த சங்கரா மீனும் சோறும் தின்றுவிட்டுக் கடற்கரை போகும் வழியில் நின்றேன். அங்கும் ஓரமாகச் சைக்கிளுக்குக் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்குள் ஒரு போலீஸ் கார், இஞ்சினை அணைத்து, கதவைத் திறந்து போட்டு நின்றது. உள்ளே இருந்தவர் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். இருபதடி தள்ளிக் காலி மைதானம் இருந்தது.

வாடகை சைக்கிளில் வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி காருக்குப் பின்னால் நின்றார்கள். மனைவி ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் விழுந்தது: "நம் ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்ததே வீண். அங்கேயும் இதே கார்தான் இதே இடத்தில் நிற்கிறது." கணவர் சொன்னார்: "அங்கே ஓட்டுநர் கைப்பேசி பார்க்கமாட்டார், இனிப்பு டோனட் தின்பார்." இருவரும் சிரித்துக்கொண்டே சாலையில் இறங்கிச் சுற்றிப் போனார்கள். ஒரு சுற்றுலாப் பேருந்து ஒலிப்பானை அலறவிட்டு அவர்களை உரசிக்கொண்டு போயிற்று. சிரிப்பு நின்றுவிட்டது. உலகம் முழுக்க இப்படித்தான் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. எல்லா ஊரிலும் நடப்பதால் ஒரு தவறு பாதியாகக் குறைவதில்லை.

சனிக்கிழமை வடக்கே கோவளம் நோக்கிப் புறப்பட்டேன். ஸ்டெல்லா அடையாளம் சொல்லியிருந்தாள்: சவுக்குத் தோப்பு முடியும் திருப்பம், கடல் பக்கம் ஒரு டீக்கடை. ஊர்ப் பெயரையும் ஸ்டேஷன் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஒரு ஸ்டேஷனைச் சொன்னால் மற்றவர்கள் தங்களுக்கில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

பத்தேகாலுக்கு அந்தத் திருப்பத்தில் சாலையைக் கடந்தேன். அப்போது வண்டி எதுவும் நிற்கவில்லை. பையில் எப்போதும் அளவு நாடா வைத்திருப்பேன். மிதிவண்டிப் பாதை ஐந்தடி அகலம். பச்சைப் பெயிண்டில் இரண்டு இடத்தில் எண்ணெய்க் கறை. ஒரே வண்டி ஒரே இடத்தில் நாள்தோறும் நின்றால்தான் அப்படிக் கறை பிடிக்கும். டீக்கடைக்குப் பின்னால் சமதரையான மணல் திடல், நாலு லாரி நிற்கலாம்.

டீக்கடை கஸ்தூரியம்மாளுடையது. நாற்பது வயதிருக்கும். நான் குனிந்து தரையை அளப்பதைப் பார்த்துக்கொண்டேயிருந்தவர், டீயைக் கொடுக்கும்போது கேட்டார்.

"இன்னா சார், ரோடு பெருசு பண்றீங்களா? என் கட போயிடுமா?"

நான் யாரென்று சொன்னேன். அவர் முகம் மாறியது.

"ஸ்டெல்லா அண்ணனா? அந்தப் பொண்ணு தெனம் போவும்போது கைய ஆட்டிக்கினு போவும் சார். அன்னிக்கு நான்தான் துண்டு நனைச்சி கையில கட்டினேன்."

"அந்த வண்டி ஏன் இங்கயே நிக்குது?"

அவர் கடைத் தூணைக் காட்டினார். சாலைப் பக்கம் பார்த்த தூணில் ஒரு கொக்கி. கொக்கியில் நூல் கட்டிய நீள நோட்டுப் புத்தகம். பட்டா நோட்டு என்று அதைச் சொல்கிறார்கள். ரோந்து போகிற போலீஸார் அந்தந்த இடத்துக்கு வந்தார்கள் என்பதற்கு அத்தாட்சியாக, நேரம் போட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் திருப்பம்தான் இரவு ரோந்தின் கடைசி இடம். கடைசிக் கையெழுத்து ஐந்து நாற்பதுக்கு. ஆறு மணிக்கு வேலை முடிகிறது. நடுவில் உள்ள இருபது நிமிஷம் டீ.

"பாத போடறதுக்கு முன்னாலயே அந்தக் கொக்கி கீது சார். வண்டிய நோட்டுக்கு நேரா நிப்பாட்டுவாங்க. ஒருத்தர் எறங்கி கையெழுத்து போடுவாரு, ஒருத்தர் உக்காந்துக்கினே டீ குடிப்பாரு. லேன் அவங்க டீ குடிக்கிற எடத்துல வந்துடுச்சி, அவ்ளோதான்."

நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் சாலையின் இரு பக்கமும் பார்த்தார். "நான் உள்ள பாலு காச்சப் போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தங்கை விழுந்த நாளின் பக்கத்தை எடுத்தேன். ஐந்து நாற்பது, கையெழுத்து, வண்டி எண். எல்லாம் தெளிவாக நீல மையில். என் டைரியில் அப்படியே எழுதிக்கொண்டேன். பதிவேடு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட நோட்டு அது.

கொக்கியைப் பின்பக்கத் தூணுக்கு மாற்றினால் வண்டி திடலில் நிற்குமே என்று கஸ்தூரியம்மாளிடம் கேட்டேன்.

"நோட்டு அவங்கள்து, கொக்கி அவங்கள்து. கட மட்டும்தான் என்னுது. அதுவும் பொறம்போக்குல கீது. நான் ஆணிய நவுத்தினா அவங்க கடைய நவுத்துவாங்க" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை.

கோவளத்தில் சேவியர் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க மச்சான். இந்த வயசுல இதுல வந்தீங்களா? நல்ல வண்டிதான். நல்லா தொடச்சி வூட்டுல வச்சிக்கிறோம்."

"வூட்டுல வைக்கவா அண்ணன் மூணு நாள் மெதிச்சிக்கினு வந்துச்சி?" என்று ஸ்டெல்லா உள்ளேயிருந்து கேட்டாள்.

"கை போச்சி. அடுத்தது இன்னா போவணும் உனக்கு?"

"வேல போவணுமா?"

நெத்திலிக் குழம்பு அருமையாக இருந்தது. கட்டு பிரித்த கை இன்னும் மெலிந்துதான் இருந்தது. தட்டைத் தூக்கும்போது மறு கையால் தாங்கிக்கொண்டாள். சேவியர் சொல்வதில் தவறு இல்லை. அவள் சொல்வதிலும் தவறு இல்லை. தவறு செய்தவர்கள் அந்த வீட்டில் இல்லை.

சாப்பிட்ட பிறகு அவள் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தாள். விடுப்புக்குக் காகிதம் வேண்டும் என்று ஓட்டலில் கேட்டதால், கையில் கட்டோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்து வாங்கிய மனு ரசீது அது. அதுவரை அதை நான் படித்ததில்லை. நான்கு வரிகள். நடு வரி இப்படி இருந்தது: 'மனுதாரர் மிதிவண்டிப் பாதையை விட்டு விலகிக் கவனக்குறைவாகச் சாலைக்குள் நுழைந்ததால்.' கீழே கையெழுத்து, முத்திரை.

மூன்று முறை படித்தேன். பாதையில் நின்ற வண்டியைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

"நீ சொல்லலையா?"

"சொன்னேண்ணா. ரெண்டு தடவ சொன்னேன். 'அதெல்லாம் தேவையில்லம்மா, ஆக்சிடென்ட்டுக்கு எது தேவையோ அத எழுதிக்கிறோம்'னாரு."

எனக்குக் கோபம் எளிதில் வராது. வந்தால் கையெழுத்து சிறியதாகிவிடும். அன்றைய டைரிப் பக்கத்தை இப்போது என்னாலேயே படிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து, நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு பக்க அளவில் மனு எழுதி வைத்திருந்தேன். கேட்டது ஒன்றே ஒன்று: ரசீதில் விட்டுப்போன செய்தியைச் சேர்க்க வேண்டும், பாதையில் காவல் வாகனம் நின்றிருந்தது என்று. பதிவுகள் எழுதும் காவலரை எல்லோரும் ரைட்டர் என்கிறார்கள். அவர் மரியாதையாகவே நாற்காலி காட்டினார்.

"சார், நின்ன வண்டி யார் மேல மோதும்? மோதினது வேன் தான?" என்றார்.

"நின்ன வண்டிதான் அவள ரோட்டுல தள்ளுச்சு."

"ரோந்து வண்டி ஒரு எடத்துல நிக்கிறது பாதுகாப்புக்குத்தான் சார். எமர்ஜென்சின்னா?"

"டீ எமர்ஜென்சியா சார்?"

அவர் சிரித்தார். "நீங்க நேர்ல பாத்தீங்களா, டீ குடிச்சத?"

அங்கேதான் நான் தவறு செய்தேன். கணக்கு நேராக இருந்தால் எதிராளி ஒத்துக்கொள்வான் என்று நம்புகிறவர்கள் செய்யும் தவறு. டைரியைத் திறந்து படித்தேன்: நாள், ஐந்து நாற்பது, வண்டி எண். "உங்க பட்டா நோட்டுலயே இருக்கு."

சிரிப்பு நின்றது.

"அந்த நோட்ட நீ எதுக்கு தொட்ட?"

ஒரு கேள்வியில் 'நீங்கள்' 'நீ' ஆகிவிட்டது. கடைக்காரம்மாள் காட்டினாரா என்று கேட்டார். காற்றில் திறந்து கிடந்தது, கண்ணில் பட்டது என்றேன். இருபத்தேழு வருஷ உத்தியோகத்தில் நான் சொன்ன முதல் பொய் என்று எழுத ஆசைதான். முதல் பொய் இல்லை, ஆனால் வெட்கப்படாத முதல் பொய். மனுவை வாங்கி, மேஜையில் ஒரு கல்லுக்கு அடியில் வைத்தார். மனுவுக்கு ரசீது கேட்டேன். "பாத்துட்டு சொல்றோம், போ" என்றார்.

கல்லுக்கு அடியில் இன்னும் நிறையக் காகிதங்கள் இருந்தன.

அன்று மாலை ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிளை நான் திரும்ப எடுத்துப்போய்விடுகிறேன் என்றும் சொன்னேன். அவள் ரசீதை வாங்கி, முதன்முறையாகப் படிப்பவள் போல் நடு வரியைப் படித்தாள். பிறகு அதை மடித்து, டிபன் பையின் பக்க அறையில் வைத்தாள்.

"எதுக்கு அது?" என்றேன்.

"சும்மா வச்சிக்கிறேன். அந்த பெல்லு நல்லா அடிக்குதாண்ணா?"

திங்கட்கிழமை. சேவியர் மூன்று மணிக்கே போய்விட்டார். போகும் முன் சைக்கிளின் இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்து வைத்திருந்தார். ஐந்து இருபத்தெட்டுக்கு ஸ்டெல்லா புறப்பட்டாள். பக்கத்து வீட்டு சைக்கிளில் நான் பின்னால். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. பாதை மழமழவென்று நன்றாக இருந்தது. போட்டவர்களைப் பாராட்ட வேண்டும். வலது முழங்கையை அவள் உடம்போடு ஒட்டி வைத்தே ஓட்டினாள்.

ஐந்து நாற்பத்தாறுக்குத் திருப்பம். பாதையின் நடுவில், எண்ணெய்க் கறைகளுக்கு நேர் மேலே, வெள்ளை நிற ரோந்து வண்டி. வண்டியின் உடம்பு பாதையை நிறைத்துவிட்டு இன்னும் ஓரடி சாலைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். தலைமைக் காவலர் ஒருவர் கையில் டீ கிளாஸோடு தூணருகே நின்றார். தூணில் கொக்கி அப்படியே இருந்தது. நோட்டு மட்டும் இப்போது ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் புதுப் பூட்டு. என் மனுவுக்கு ஒரே நாளில் நடவடிக்கை எடுத்திருந்தார்கள்.

கஸ்தூரியம்மாள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கடை இன்னும் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

ஸ்டெல்லா சாலைக்குள் இறங்குவாள் என்று நினைத்துப் பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் இறங்கவில்லை. ரோந்து வண்டிக்கு ஒரு முழம் பின்னால் காலை ஊன்றி நின்றாள். பெல்லைத் தட்டினாள்.

அந்தப் பித்தளை பெல்லின் சத்தம் சவுக்குத் தோப்பு வரை போயிருக்கும். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாமா? பக்கத்துல போயேன்."

"பக்கத்துல ரோடு சார்."

"ரோட்டுலதான் போ. வண்டி ஒண்ணும் வர்ல பாரு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சென்னையிலிருந்து வந்த பேருந்து ஒன்று எங்கள் வலது தோளருகே பாய்ந்து போயிற்று. காற்று என் சட்டையை இழுத்தது. ஸ்டெல்லா மறுபடி பெல்லைத் தட்டினாள்.

தலைமைக் காவலர் டீயோடு வந்தார். "காலங்காத்தால இன்னாமா பேஜாரு பண்ணிக்கினு? ரெண்டடி சுத்திப் போனா தேஞ்சா பூடுவ?"

அவள் டிபன் பையிலிருந்து ரசீதை எடுத்தாள். உறையோடு அவர் முன்னால் நீட்டிப் படித்துக் காட்டினாள்: "'மிதிவண்டிப் பாதையை விட்டு விலகிக் கவனக்குறைவாக'ன்னு போட்டுக்கீது சார். உங்க ஸ்டேஷன் சீல்தான். லேன வுட்டு எறங்குறது தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. மறுபடி எறங்கி மறுபடி ஒண்ணு வாங்க என் கையில எலும்பு இல்ல."

அவர் ரசீதை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

அதற்குள் எங்களுக்குப் பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார்கள் இரண்டு பேர், கைப்பிடியில் கரணையும் சாப்பாட்டுத் தூக்கும் தொங்க. அவர்களுக்குப் பின்னால் வேறொரு ஓட்டலில் தோட்ட வேலை செய்யும் பெரியவர். வழக்கமாக அவர்களும் சாலையில் இறங்கிச் சுற்றிப் போகிறவர்கள்தான். இன்று முன்னால் ஒருத்தி நிற்கவே, நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று ஒரு கொத்தனார் என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் எட்டிப் பார்த்தார். பிறகு தன் பெல்லை அடித்தார். பெரியவர் சைக்கிளில் பெல் இல்லை. அவர் தன் சாப்பாட்டுத் தூக்கின் மூடியைக் கம்பியில் தட்டினார்.

"தல, டீ ஆறப்போது. குடிச்சிட்டு வண்டிய எடு. எங்களுக்கு மேஸ்திரி அர நாள் வெட்டிடுவான்" என்று கொத்தனார் கூவினார்.

கஸ்தூரியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுவின கிளாஸையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். சிரிப்பில் அவர் தோள்கள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

தலைமைக் காவலர் ரசீதைத் திருப்பிக் கொடுத்தார். ஓட்டுநரிடம் கையை அசைத்தார். இஞ்சின் கிளம்பியது. வண்டி முன்னால் நகர்ந்து, இடது பக்கம் ஒடித்து, கடைக்குப் பின்னால் இருந்த மணல் திடலில் போய் நின்றது. ஐந்து ஐம்பத்தொன்று. அந்தத் திடலுக்குப் போக அதற்குத் தேவைப்பட்டது இருபத்திரண்டு அடி. பிறகு நான் அளந்து பார்த்தேன்.

ஸ்டெல்லா ரசீதைப் பையில் வைத்தாள். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள். அதில் கேலி இல்லை. பச்சைப் பெயிண்டின் மேல் நேராகப் போனாள். கொத்தனார்களும் பெரியவரும் வரிசையாக அவள் பின்னால். எண்ணெய்க் கறையின் மேல் நாலு சைக்கிளும் ஏறிப் போனதை நின்று பார்த்துவிட்டுத்தான் நான் மிதித்தேன். ஓட்டல் வாசலில் அவள் இறங்கியபோது ஆறு நான்கு. தாமதம் நான்கு நிமிஷம். சமையல் தலைவர் ஏதோ சொன்னார். அவள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

அன்று மதியம் பேருந்தில் ஊர் திரும்பினேன். சைக்கிளில் மூன்று நாள் ஆன தூரம், ஜன்னலோரத்தில் மூன்றரை மணி நேரம். திருப்பத்தைக் கடக்கும்போது பார்த்தேன்: பாதை காலி, பெட்டியில் பூட்டு. என் மனு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்று நிச்சயமாகச் சொல்வேன். அந்த நடு வரியும் மாறப்போவதில்லை. நூறு பேர் தினமும் போகிற பாதையைக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, அதைக் காக்க வேண்டியவர்களே அதில் டீ குடிக்கிறார்கள். அடிபட்டவள் கவனக்குறைவானவள் ஆகிறாள். சாலையே போடாத ஊரில் இருப்பவன்கூட இதைவிடக் குறைவாக ஏமாற்றப்படுகிறான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏரியின் மட்டத்தைக் குறித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ஐந்து ஐம்பத்தெட்டு. பின்னணியில் பாத்திரச் சத்தம்.

"இன்னிக்கும் லேன்லதான் நின்னுகினு இருந்திச்சிண்ணா. வேற டிரைவரு."

"என்ன பண்ணின?"

"பெல்லு அடிச்சேன்."

"எத்தனை நிமிஷம்?"

"அங்க உக்காந்துக்கினு அதையும் எழுதறியா நீ?"

"எழுதறேன்."

"மூணு நிமிஷம். எழுதிக்கோ. லேன வுட்டு எறங்கல."